நெடி பட்டாலே மூச்சு இரைக்கிறதா? மூச்சுக்குழாய் நரம்பின் போக்கைத் தெரிந்து நடந்துகொள்வது எப்படி

எங்கள் தெருவில் யாராவது காய்ந்த மிளகாயை எண்ணெயில் போட்டால், நாலு வீடு தள்ளி ஒருவர் இருமத் தொடங்குவார். குடியாத்தத்தில் இது புதுசு இல்லை. மறுநாள் அவரே வந்து கேட்பார்: "சிஸ்டர், எனக்கு மிளகாய் அலர்ஜியா? டெஸ்ட் எடுக்கணுமா?"

வேலூரில் நெஞ்சக நோய்ப் பிரிவில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். தெருவுக்கு இன்னும் சிஸ்டர்தான். அடிக்கடி வரும் இந்தக் கேள்விக்கு முழுப் பதிலையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். ஆஸ்துமா, அடிக்கடி வீசிங், சளிக் காய்ச்சலுக்குப் பிறகு விடாத வறட்டு இருமல் என்று அவதிப்படுகிறவர்களுக்கும், அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் இது.

முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். மிளகாய் நெடி, ஊதுபத்திப் புகை, பெயின்ட் வாசனை பட்ட நொடியே வரும் இருமலும் நெஞ்சு இறுக்கமும் பெரும்பாலும் அலர்ஜி இல்லை. மூச்சுக்குழாய்க்குள் இருக்கும் நரம்புகள் செய்கிற வேலை அது. அந்த நரம்பு எல்லோருக்கும் உண்டு. ஆனால் மற்றவர்கள் கண்டுகொள்ளாத நெடிக்கே உங்களுக்கு இரைக்கிறது என்றால், உள்ளே வீக்கம் அடங்கவில்லை என்று அந்த நரம்பு தெரிவிக்கிறது. நெடியிலிருந்து ஒதுங்கி ஓடுவதோடு நின்றுவிடாமல், அந்த வீக்கத்துக்கு மருந்து எடுக்க வேண்டும்.

உள்ளே நடப்பது

மூளையின் அடித்தண்டிலிருந்து கழுத்து வழியாக இறங்கும் வேகஸ் நரம்பு, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் கிளை விடுகிறது. அதன் இழைகளில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு, உடம்பிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகிறவை. மூச்சுக்குழாயின் உள்தோலுக்கு நடுவிலேயே அவற்றின் நுனிகள் இருக்கின்றன. அவற்றில் எரிச்சலை உணர்வது சி-இழைகள் என்ற மெல்லிய வகை. அவற்றின் நுனியில் நுண்ணிய வாயில்கள் உண்டு. டிஆர்பிவி1 என்ற வாயில், மிளகாயின் காரப் பொருளான கேப்சைசினுக்குத் திறக்கும். 43 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டுக்கும், அமிலத்துக்கும் அதே வாயில்தான். இதை 1997-ல் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் நோபல் பரிசு கிடைத்தது. டிஆர்பிஏ1 என்ற இன்னொரு வாயில், புகையில் இருக்கும் அக்ரோலினுக்குத் திறக்கிறது. எண்ணெய் அதிகமாகக் காய்ந்து புகைந்தாலும் அக்ரோலின் வரும். ஆக, புகைகிற எண்ணெயில் மிளகாய் விழுந்தால் இரண்டு வாயிலும் ஒரே நேரத்தில் திறக்கின்றன. அதனால்தான் அந்தக் கமறல் அவ்வளவு வேகமாக வருகிறது.

வாயில் திறந்ததும் இரண்டு காரியம் நடக்கும். செய்தி மூளைக்குப் போகும். மூளை அதே வேகஸின் வேறு இழைகள் வழியாகப் பதில் அனுப்பும். அந்த இழைகளின் முனையில் அசிட்டைல்கோலின் சுரந்து, குழாயைச் சுற்றியுள்ள தசையை இறுக்கி, சளிச் சுரப்பிகளைத் திறந்துவிடும். எல்லாமே நொடிக் கணக்கு. இன்னொரு காரியம் மூளைக்குப் போகாமல் அங்கேயே நடக்கிறது. எரிச்சலான நரம்பு தன் நுனியிலிருந்தே சப்ஸ்டன்ஸ் பி, சிஜிஆர்பி என்ற பொருள்களைக் கொட்டுகிறது. இவை ரத்தக் குழாய்களை விரித்து, நீர் கசிய வைத்து, சுவரை உப்ப வைத்து, வீக்கத்துக்குக் காரணமான அணுக்களையும் அங்கே வரவழைக்கும். கிருமி இல்லை, அலர்ஜிப் பொருளும் இல்லை, நரம்பே வீக்கத்தைக் கிளப்புகிறது. எலி, கினிப்பன்றி போன்ற பிராணிகளில் இது மிகத் தெளிவாகத் தெரியும். மனிதருக்கு இதன் பங்கு அவற்றைவிடக் குறைவு. நமக்கு முதலில் சொன்ன மூளை வழிப் பாதைதான் பெரிது.

எதிர்த் திசையிலும் இதே கதை. வீக்கத்தில் சுரக்கும் பிராடிகைனின், புரோஸ்டாகிளாண்டின் போன்றவை நரம்பு நுனியைச் சுலபமாகத் தூண்டப்படுகிற நிலைக்குக் கொண்டுவந்துவிடும். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் ஈசினோபில் என்று பார்த்திருப்பீர்கள். அலர்ஜி ஆஸ்துமாவில் அந்த அணுக்கள் மூச்சுக்குழாய் நரம்புகளைச் சுற்றிக் கூடுகின்றன. அசிட்டைல்கோலின் அளவுக்கு மீறிப் போகாதபடி நரம்பு முனையில் வண்டிக்கு இருப்பது மாதிரி ஒரு பிரேக் இருக்கிறது. எம்2 என்று பெயர். ஈசினோபில் வெளியிடும் ஒரு புரதம் அந்த பிரேக்கின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். பிரேக் பிடிக்காது, குழாய் தேவைக்கு மேல் சுருங்கும். இப்படி நரம்பு வீக்கத்தையும், வீக்கம் நரம்பையும் வளர்க்கின்றன. அலர்ஜி வீக்கம் உண்டாக்கிய எலிகளில் இந்த எரிச்சல் நரம்புகளை மட்டும் மருந்தால் அடக்கினால் வீக்கமே குறைகிறது என்று 2015-ல் காட்டியிருக்கிறார்கள். மனிதருக்கு அப்படி ஒரு மருந்து ஆஸ்துமாவுக்குக் கைக்கு வரவில்லை. இருப்பதை வைத்தே நிறையச் செய்ய முடியும்.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

இரைப்பு வரும்போதெல்லாம் எழுதுங்கள். எத்தனை மணிக்கு வந்தது, அதற்கு முன் என்ன பட்டது, பட்டதற்கும் வந்ததற்கும் இடையில் எவ்வளவு நேரம், எந்தப் பம்பு (இன்ஹேலர்) அடித்தீர்கள், எத்தனை நிமிடத்தில் அடங்கியது. இதில் அந்த இடைவெளி நேரம்தான் உயிர்.

நெடி பட்ட சில நொடிகளில், ஒன்றிரண்டு நிமிடத்தில் வந்தால் நரம்பு. பத்து இருபது நிமிடத்தில் உச்சத்துக்குப் போனால் மாஸ்ட் அணுக்கள் ஹிஸ்டமின் வெளியிடும் நேரடி அலர்ஜி: தூசி, பூனை முடி, மகரந்தம். நான்கு முதல் எட்டு மணி நேரம் கழித்து வந்தால் அலர்ஜியின் இரண்டாம் சுற்று, அதாவது வீக்கம் சேர்ந்து வருவது. இந்த மூன்றாவதைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள்.

காட்பாடியில் இருக்கும் என் ஓரகத்தி, மாலையில் விளக்கேற்றி ஊதுபத்தி கொளுத்துவதால்தான் தனக்கு இரவெல்லாம் இரைக்கிறது என்று நம்பியிருந்தாள். நோட்டில் எழுதச் சொன்னேன். ஊதுபத்திக்கு உடனே இருமல் வந்தது உண்மை; கொஞ்ச நேரத்தில் அடங்கியும் போனது. இரவு நீண்ட இரைப்பு வந்த நாட்களைப் பார்த்தால், அன்று காலையில் இலவம்பஞ்சு மெத்தையை வெயிலில் போட்டுத் தட்டியிருக்கிறாள், அல்லது பரண் தூசி தட்டியிருக்கிறாள். மெத்தைத் தூசியில் வாழும் நுண்பூச்சிதான் உண்மையான அலர்ஜி. காலையில் தட்டியது மாலையில் வீங்கி, அந்த வீக்கத்தில் நரம்பு முறுக்கேறி, ஊதுபத்தி கடைசியில் கொளுத்திப் போட்டிருக்கிறது. ஊதுபத்தியை மட்டும் நிறுத்தியிருந்தால் அவளுக்குப் பாதிதான் தீர்ந்திருக்கும். இப்போது மெத்தைக்கு இறுக்கமான உறை, படுக்கை விரிப்புக்கு வெந்நீர் அலசல், பரண் தட்டுவது வேறு ஒருவர் பொறுப்பு, அதுவும் ஈரத்துணியால்.

இன்னொன்று பழகுங்கள். உங்கள் வீட்டில் தினமும் இருக்கும் ஒரு நெடியை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். தாளிப்பே போதும். போன மாதம் அடுப்பருகே நிற்க முடிந்தது, இந்த வாரம் கூடத்தில் உட்கார்ந்திருந்தாலே கமறுகிறது என்றால், மிளகாய் மாறவில்லை, உங்கள் குழாய் மாறியிருக்கிறது. இரைப்புச் சத்தம் வெளியில் கேட்பதற்கு முன்னமே இது தெரிந்துவிடும். மூச்சை எவ்வளவு வேகமாக ஊத முடிகிறது என்று அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் வைத்திருப்பவர்கள் காலையும் மாலையும் ஊதி அதையும் பக்கத்தில் எழுதலாம். உங்களுடைய சிறந்த அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் கவனம். 50-க்குக் கீழே போனால் தாமதிக்காமல் மருத்துவமனை.

சளிக் காய்ச்சல் வந்துபோனபின் பல வாரம் நரம்பு இப்படி முறுக்கிக்கொண்டே இருக்கும். பேசினால் இருமல், சிரித்தால் இருமல், குளிர்ந்த காற்றுக்கு இருமல். மூன்றிலிருந்து எட்டு வாரம் வரை இது நீடிக்கலாம். இதற்கு ஆன்டிபயாடிக் மாற்றி மாற்றிச் சாப்பிடுவதில் பயன் இல்லை. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் எந்த இருமல் இருந்தாலும் காசநோய்க்கான சளிப் பரிசோதனை கட்டாயம் எடுங்கள். அரசு மருத்துவமனையில் இலவசம். நரம்பு இருமல்தான் என்று நீங்களே முடிவு கட்ட வேண்டாம்.

நம் பக்கத்து நெடிகள்

அடுப்பு பற்றவைப்பதற்கு முன்பே எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்கள், எதிர்ப்பக்கம் ஒரு ஜன்னலைத் திறந்து வையுங்கள். எண்ணெய் புகையும் வரை காயவிட வேண்டாம். வெங்காயத்தைப் போட்டு அனலைக் குறைத்தபின் மிளகாய் சேர்த்தால் நெடி கிளம்புவது குறையும். வருஷத்துக்கு மிளகாய்த்தூள் அரைக்க வறுக்கிற அன்று, இரைப்பு உள்ளவர் வீட்டில் இருக்கவே வேண்டாம். பக்கத்து வீட்டில் போய் இருக்கட்டும்.

குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் பீடி சுற்றும் பெண்கள் நிறைய. மடியில் முறம், முறத்தில் புகையிலைத் தூள், அதற்கு நேர் மேலே மூக்கு. அந்தத் தூளும் நிகோட்டினும் நரம்பைச் சுரண்டிக்கொண்டே இருக்கும். வேலையை விட்டுவிடு என்று சொல்லிவிடலாம், வாரக் கூலியை யார் தருவது? அதனால் எதிர்வீட்டு அக்காவுக்கு நான் சொல்வது இதுதான்: வீட்டுக்குள் உட்காராமல் திண்ணையில், காற்று முதுகுப் பக்கமிருந்து வருகிற மாதிரி உட்காருங்கள். புகையிலை மூட்டையைப் படுக்கிற அறையில் வைக்காதீர்கள். வேலை முடிந்ததும் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். புடவையை மாற்றிவிட்டுக் குழந்தையைத் தூக்குங்கள். அக்கா இப்போது திண்ணையில்தான் சுற்றுகிறார்.

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடியில் தோல் பதனிடும் டேனரிகளில் சுண்ணாம்புத் தொட்டிப் பக்கமும் அடுத்த கட்டங்களிலும் அம்மோனியா, சல்ஃபைடு நெடி உண்டு. அம்மோனியா மூச்சுக்குழாயை நேரடியாக எரிக்கும். ஹைட்ரஜன் சல்ஃபைடு வேறு விதமாக மோசம். அழுகிய முட்டை நாற்றம் அடித்துக்கொண்டிருந்து சட்டென்று நின்றுபோனால், வாயு போய்விட்டது என்று நினைக்கக் கூடாது. அளவு கூடினால் மூக்கின் உணர்வே செத்துவிடும். கழிவுத் தொட்டிக்குள் பாதுகாப்புக் கருவி இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது, சம்பளம் எவ்வளவு கூட்டிக் கொடுத்தாலும். ஷூ கம்பெனியில் பசை ஒட்டும் பெண்கள், பசை டப்பாவை மூடி வைத்து, காற்று இழுக்கும் விசிறிப் பக்கம் இடம் கேட்டு வாங்குங்கள். சில பசைகளில் சேர்க்கிற ஐசோசயனேட் நெடியாக எரிப்பதோடு நிற்காமல் நிஜமான ஆஸ்துமாவையே உண்டாக்கும். ஞாயிற்றுக்கிழமை நன்றாக இருந்து, திங்கள் வேலைக்குப் போனதும் இரைக்கிறது என்றால் அதை டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

கொசுவர்த்திச் சுருள் பற்றி 2003-ல் வந்த ஆய்வு ஒன்று, ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளியிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் வெளியிடுவதற்குச் சமம் என்று அளந்து சொன்னது. மூடிய அறையில், நரம்பு ஏற்கெனவே உணர்ச்சி மிகுந்து இருக்கும் இரவு நேரத்தில் அது வேண்டவே வேண்டாம். கொசுவலை கட்டுங்கள். கைக்குழந்தைக்குக் குளிப்பாட்டி சாம்பிராணி காட்டும் பழக்கம் நம் பக்கம் இன்றும் இருக்கிறது. பாட்டிகள் அன்போடு செய்வதுதான், அதனால் சொல்வதற்கே கஷ்டமாக இருக்கும். ஆனாலும் வீசிங் உள்ள குழந்தைக்கு அது கூடாது. தலையைத் துண்டால் நன்றாகத் துவட்டினால் போதும். போகியன்று டயரும் பாயும் எரிக்கும்போது ஜன்னலை அடைத்துக்கொண்டு உள்ளே இருங்கள். பாலாற்றங்கரையில் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலமும், காலி மனைகளில் முளைக்கும் பார்த்தீனியமும் மகரந்தத்தால் அலர்ஜி தருபவை. அவை நரம்புக் கணக்கில் வராது.

ஆவி பிடிப்பதைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். மூச்சு முட்டினால் உடனே வெந்நீர்ப் பாத்திரமும் போர்வையும் எடுக்கிறோம். சூடான ஈரக்காற்றை ஆஸ்துமா உள்ளவர்களைச் சுவாசிக்க வைத்துப் பார்த்த ஆய்வு 2012-ல் வந்தது. குழாய் சுருங்கியது, நரம்பு வழியை அடைக்கும் இப்ராட்ரோபியத்தை முன்னாலேயே கொடுத்தபோது அந்தச் சுருக்கம் வரவில்லை. ஆக அது நரம்பின் வேலை. மூக்கடைப்புக்கு ஆவி சுகமாக இருக்கலாம், இரைப்புக்கு அது மருந்து இல்லை. குழந்தைகளுக்கு வெந்நீர் கொட்டிவிடும் ஆபத்து வேறு. தைலமும் அப்படித்தான். மெந்தால் குளிர்ச்சியை உணரும் நரம்பைத் தொட்டு, மூக்கு திறந்துவிட்ட மாதிரி உணர வைக்கும். அடைப்பு அப்படியே இருக்கும்.

இரவு மூன்று, நான்கு மணி

ஆஸ்துமா பெரும்பாலும் விடியற்காலைக்கு முன் மோசமாகும். அப்போது வேகஸின் பிடி கூடியிருக்கும், குழாயைத் தளர்த்தி வைக்கும் அட்ரினலினும் வீக்கத்தை அடக்கும் கார்டிசோலும் ரத்தத்தில் குறைந்திருக்கும். அதோடு வயிற்று அமிலம் உணவுக்குழாயில் ஏறினால், அங்கிருக்கும் வேகஸ் நுனிகள் தூண்டப்பட்டு மூச்சுக்குழாய் சுருங்கும். அமிலம் மூச்சுக்குழாய்க்குள் போகவே வேண்டியதில்லை. இரவு பத்து மணிக்கு பிரியாணி சாப்பிட்டு உடனே படுத்தால் இதுதான் நடக்கும். படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே சாப்பிட்டுவிடுங்கள். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்து உயர்த்துங்கள். இடது பக்கம் ஒருக்களித்துப் படுப்பதும் உதவும்.

வாரம் ஒரு முறையாவது இரைப்பால் தூக்கம் கலைகிறது என்றால் உங்கள் ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இல்லை. இதை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள்.

"எல்லாம் மனசு" என்று சொல்கிறவர்களுக்கு

பெண்களிடம் இதை அதிகம் சொல்கிறார்கள், எனக்கு அது பொறுக்காது. சண்டை நடந்த அன்று, துக்கத்தில் அழுத அன்று இரைப்பு வந்தால் நடிப்பு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அமெரிக்காவில் 1886-ல் மெக்கன்சி என்ற டாக்டர், ரோஜாவுக்கு மூச்சடைக்கும் ஒரு பெண்ணிடம் செயற்கை ரோஜாவைக் காட்டினார். அவளுக்கு நிஜமாகவே மூச்சடைத்தது. 1968-ல் ஆஸ்துமா உள்ள 40 பேருக்கு வெறும் உப்பு நீர் ஆவியைக் கொடுத்து, எரிச்சல் தரும் பொருள் என்று சொல்லிப் பார்த்தார்கள். 19 பேருக்குக் குழாய் சுருங்கியதைக் கருவி காட்டியது. அவர்களில் 12 பேருக்கு முழு இரைப்பே வந்தது. அடுத்த ஆண்டு, அட்ரோபின் என்ற மருந்தைக் கொடுத்து வேகஸின் வழியை அடைத்தபோது இந்தச் சுருக்கம் தடுக்கப்பட்டது. மனசில் தொடங்கினாலும் நரம்பில் ஓடி, குழாயில் நடக்கிறது. அளந்து பார்க்கக்கூடிய சுருக்கம், மருந்து தேவைப்படும் சுருக்கம்.

பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இதையும் கவனியுங்கள். பரீட்சை நேரத்தில் அலர்ஜிப் பொருள் பட்டால், மற்ற நேரத்தைவிட அதிகமாக ஈசினோபில் சளியில் சேர்கிறது என்று கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2002-ல் வந்தது. மார்ச் மாதம் படிப்பு மும்முரத்தில், தினமும் எடுக்க வேண்டிய தடுப்புப் பம்பை மறந்துவிடுகிற மாதமும் கூட. அந்த ஒரு மாதம் பம்பு கொடுக்கும் பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பம்பு எதைச் செய்கிறது

அஸ்தாலின் என்ற பெயரில் பலர் வைத்திருக்கும் சால்பியூட்டமால், தசையைத் தளர்த்தும். சுருக்கம் எந்த வழியில் வந்திருந்தாலும் சில நிமிடத்தில் நிம்மதி. ஆனால் வீக்கத்தை அது தொடாது. நாள் முழுக்க அதையே அடித்துக்கொண்டிருப்பவர்களுக்குத்தான் ஒரு நாள் இரவு பெரிய ஆபத்து வரும். உலக ஆஸ்துமா வழிகாட்டிக் குழுவான ஜீனா, பெரியவர்களுக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் சால்பியூட்டமாலை மட்டும் வைத்து ஆஸ்துமாவைச் சமாளிக்க வேண்டாம் என்று 2019 முதல் சொல்லி வருகிறது.

வீக்கத்துக்கு உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு. தடுப்புப் பம்பு என்பது இதுதான். புடெசோனைடு அந்த வகை. ஃபோராகார்ட் போன்ற பம்புகளில் அதோடு ஃபார்மோட்டெரால் சேர்ந்திருக்கும். வாரக் கணக்கில் தொடர்ந்து எடுத்தால் ஈசினோபில் குறையும், நரம்பின் பிரேக் மறுபடி பிடிக்கும், தாளிப்பு நெடிக்குத் துள்ளுவதும் தணியும். நெடி பொறுக்கவில்லை என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பதே, "தடுப்புப் பம்பு தினமும் எடுக்கறீங்களா?" என்பதுதான். பம்பு பழகிப்போய்விடும், அடிமையாகிவிடுவோம் என்ற பயத்தில் நல்லானதும் நிறுத்திவிடுகிறார்கள். அடிமையாக்கும் மருந்து அது இல்லை. மாத்திரை ஸ்டீராய்டு மில்லிகிராம் கணக்கு, பம்பில் மைக்ரோகிராம் கணக்கு. ஒரு மைக்ரோகிராம் என்பது மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு. குறைப்பதானாலும் டாக்டர் சொல்லிக் குறையுங்கள்.

மூன்றாவது, நரம்பின் செய்தியையே தடுக்கும் மருந்து. இப்ராட்ரோபியம், டியோட்ரோபியம் இரண்டும் அசிட்டைல்கோலின் தசையில் போய் உட்கார விடாமல் செய்பவை. மருத்துவமனையில் நெபுலைசர் வைக்கும்போது டியோலின் என்ற சின்னப் பிளாஸ்டிக் குப்பியை உடைத்து ஊற்றுவார்களே, அதில் லெவோசால்பியூட்டமாலும் இப்ராட்ரோபியமும் சேர்ந்திருக்கின்றன. இதன் முன்னோடி நம் ஊர்த் தரிசில் முளைக்கும் ஊமத்தையில் இருக்கிறது. ஊமத்தையைப் புகைக்கும் பழக்கம் இந்தியாவிலிருந்துதான் 1800-களின் தொடக்கத்தில் இங்கிலாந்துக்குப் போனது. அதைக் கேட்டுவிட்டு யாரும் ஊமத்தையைத் தொட வேண்டாம். ஒரு செடிக்கும் இன்னொரு செடிக்கும் விஷத்தின் அளவு மாறும். பிதற்றலில் தொடங்கி உயிர் போகும் வரை கொண்டுபோய்விடும். அந்த விஷத்தை மூளைக்குள் போகாதபடி மாற்றி, அளந்து அடைத்ததுதான் இப்ராட்ரோபியம்.

பம்பை ஸ்பேசர் (பம்புக்கும் வாய்க்கும் இடையில் பொருத்தும் குழல்) வைத்து எடுங்கள். குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, ஒரு அழுத்து, மெதுவாக உள்ளிழுத்து, பத்து எண்ணும் வரை நிறுத்துங்கள். அடுத்த பஃப்புக்கு மறுபடி குலுக்குங்கள். ஸ்டீராய்டுப் பம்பு என்றால் முடிந்ததும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும்.

மூச்சுப் பயிற்சியும் வேகஸ் வைத்தியமும்

மூக்கால் இழுத்து, நிதானமாக நீட்டி விடும் பயிற்சிகள் இரைப்பின் தொல்லையையும் பதற்றத்தையும் குறைக்கும். செய்யுங்கள், நல்லது. அவை வீக்கத்தைக் குறைப்பதில்லை, அதனால் பம்புக்குப் பதிலாக முடியாது. மூக்கு வழி மூச்சு, காற்றைச் சூடாக்கி ஈரமாக்கி அனுப்புவதால் மார்கழிக் காலையில் நடக்கிறவர்களுக்கு அவசியம். வறட்டு இருமல் கிளம்பும்போது ஒரு மடக்குத் தண்ணீர் விழுங்கி, வாயை மூடி, மூக்கால் சின்னச் சின்ன மூச்சு எடுத்தால் இருமல் சங்கிலி அறுபடும். விழுங்கும்போது இருமல் தூண்டல் கொஞ்சம் அடங்கும்.

வேகஸைத் தூண்டினால் எல்லா வீக்கமும் போய்விடும் என்று ஐஸ் தண்ணீரில் முகத்தை அமுக்கச் சொல்லும் வீடியோக்கள் இப்போது வருகின்றன. வேகஸ் உடம்பின் சில வீக்கங்களை அடக்குகிறது என்று 2000-ல் இருந்து ஆய்வுகள் வருவது உண்மை. ஆனால் மூச்சுக்குழாயைச் சுருக்குவதும் அதே நரம்புதான். இரைப்பு இருக்கும்போது அதைச் செய்யாதீர்கள்.

வேறு நோய்க்கான மாத்திரைகள்

ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில், ராமிப்ரில் சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு விடாத வறட்டு இருமல் வரும். பிராடிகைனின் சேர்ந்து நரம்பைத் தூண்டுவதால் வருவது. மாற்று மாத்திரை இருக்கிறது. புரோப்ரனலால் என்ற மாத்திரை, குழாயைத் தளர்த்தும் வழியை அடைத்துவிடும். கண் அழுத்தத்துக்கு விடும் டைமலால் சொட்டு மருந்தும் அப்படியே. கண்ணில் விடுவதுதானே என்று யாரும் சந்தேகப்படுவதில்லை. ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகளும் சிலருக்கு ஆகாது. எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். எழுதிக் கொடுத்தவரிடம் "எனக்கு ஆஸ்துமா இருக்கு" என்று சொல்லுங்கள்.

காத்திருக்கக் கூடாத நேரம்

ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியவில்லை, விலா எலும்புக்கு இடையில் குழி விழுகிறது, உதடு நீலமாகிறது, ஆள் மயங்கியது போல் இருக்கிறார், பம்பு அடித்தும் அடங்கவில்லை: இதில் ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை நிமிர்ந்து உட்கார வைத்து, ஸ்பேசரில் சால்பியூட்டமால் ஒவ்வொரு பஃப்பாக, ஒவ்வொன்றுக்கும் நாலைந்து மூச்சு விட்டு, நாலு பஃப் வரை கொடுங்கள். சில நிமிடம் பார்த்து, மாற்றம் இல்லாவிட்டால் மறுபடியும் கொடுங்கள். சத்தம் நின்றுவிட்டதே என்று நிம்மதி அடைய வேண்டாம். காற்றே போகாதபோதும் சத்தம் நிற்கும்.

டாக்டரிடம் போகும்போது

அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையோ சி.எம்.சி.யோ, எங்கே போனாலும் உங்களுக்குக் கிடைக்கும் நேரம் கொஞ்சம். நோட்டைக் கொண்டுபோய், நேர இடைவெளி எழுதிய பக்கத்தைத் திறந்து காட்டுங்கள். "எந்த நெடிக்கு, எத்தனை நொடியில், எந்தப் பம்புக்கு அடங்குது" என்று மூன்று வரியில் சொன்னால் அவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். இரைப்பு மூச்சை உள்ளே இழுக்கும்போது தொண்டையில் வருகிறதா, வெளியே விடும்போது நெஞ்சில் வருகிறதா என்றும் கவனித்துச் சொல்லுங்கள். நெடி பட்டதும் தொண்டை இறுகி, பம்பு அடித்தும் மாறாமல், தானாகவே சீக்கிரம் விடுவது குரல்நாண் இறுக்கமாக இருக்கலாம். அதற்குப் பம்பைக் கூட்டுவதில் பலன் இல்லை, பேச்சுப் பயிற்சியாளரிடம்தான் அனுப்புவார்கள்.

ஸ்பைரோமெட்ரி என்ற ஊதிப் பார்க்கும் பரிசோதனை எழுதிக் கொடுத்தால், ஊதுவதற்கு எத்தனை மணி நேரம் முன் பம்பை நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்கும் எல்லாப் பம்புகளையும், ஸ்பேசரையும், மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். அங்கிருக்கும் நர்ஸ் முன்னால் ஒரு முறை பம்பு எடுத்துக் காட்டி, சரியா என்று கேளுங்கள்.